மடத்துக்குத் திரும்பி வந்த பெர்பெத்துவா

சிலுவைத்துறை என்ற கடலோர ஊரில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. மொத்தம் ஏழு சிஸ்டர்கள். மடத்தின் தலைவி மதர் இஞ்ஞாசியம்மாள். அறுபத்தாறு வயது, குட்டையான உருவம். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். கேட்டவர் கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி பஸ்ஸில் பெர்பெத்துவா வந்து இறங்கினாள். தோளில் ஒரு பெரிய பை.

அவள் மதருக்குப் புதியவள் அல்ல. கன்னியாஸ்திரி ஆக வேண்டும் என்று பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் வந்து, இதே மடத்தில் மதரிடம் இரண்டு வருடம் பயிற்சி பெற்றவள். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீட்டுக்குப் போனாள். அப்பா பதினைந்து வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் இறந்த பிறகு, முப்பத்தொன்பதாவது வயதில், அண்ணன் பார்த்த மாப்பிள்ளை கஸ்பாருக்குக் கழுத்தை நீட்டினாள். கஸ்பார் பக்கத்து ஊரில் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறவன். மூன்று தங்கைகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு நாற்பத்துமூன்று வயதில் மாப்பிள்ளை ஆனவன். கல்யாணம் ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இத்தனை வருடமும் மாதத்துக்கு ஒருமுறை மதரைப் பார்க்க வருவாள். மனதில் இருக்கிற ஒரு கேள்வியைக் கேட்பாள். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். பையோடு வந்தது இதுதான் முதல் தடவை.

மதர் பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"மதர், நான் திரும்பி வந்துட்டேன்."

"எங்க இருந்து?"

"கஸ்பார் வீட்டுல இருந்து."

"போன மாசம் 'எங்க வீடு'ன்னு சொன்ன."

பெர்பெத்துவா பையைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆனவ சிஸ்டர் ஆக முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதைக் கேக்கல. உங்களுக்குச் சமையலுக்கு ஒரு ஆள் வேணும், தோட்டத்துக்கு ஒரு ஆள் வேணும். ஒரு மூலையில இருந்துக்கிடுதேன் மதர்."

மதர் கீரையைத் தள்ளி வைத்தார்.

"அடிச்சானா?"

"இல்ல."

"குடிக்கானா?"

"இல்ல மதர்."

"வேற பொண்ணு கிண்ணு..."

"ஐயோ, அதெல்லாம் கிடையாது."

"பெறகு?"

பெர்பெத்துவா அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினாள். கஸ்பார் உரக்கப் பேசுகிறான். குளிக்கும்போது பாடுகிறான், தெருவுக்கே கேட்கிறது. எஞ்சின் ஆயில் கையோடு சுவரைப் பிடிக்கிறான். சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தால், பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றில் மூன்றாவது பத்திலேயே குறட்டை. சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேர், நான்கு பேர் என்று சிநேகிதர்களைச் சாப்பிடக் கூட்டி வருகிறான்.

"சரி" என்றார் மதர்.

"செவ்வாய்க்கிழமை என் பேர்கொண்ட புனிதையோட திருநாள். கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற முதல் திருநாள். ரெண்டு பேரும் காலைப் பூசைக்குப் போவோம், ஒண்ணா நற்கருணை வாங்குவோம்னு நினைச்சிருந்தேன். புதுச் சேலை எடுத்து வச்சிருந்தேன். அவரு கபடி பாக்கப் போயிட்டாரு. சாயங்காலம் நாலு பேரோட வந்து, இம்மாம்பெரிய பாறை மீனைத் தூக்கிக் காட்டி, 'குழம்பு வைக்கலாமா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. குழம்பு வச்சேன்." அவள் குரல் இறங்கியது. "வச்சு இறக்கி, சட்டியோட தூக்கி வெளி முத்தத்துல எறிஞ்சிட்டேன். நாலு பேருக்கு முன்னால."

"மண்சட்டியா?"

"ஆமா."

"உடைஞ்சிட்டா?"

"உடைஞ்சிட்டு. எனக்கு இவ்வளவு கோவம் வரும்னு எனக்கே தெரியாது மதர். இனிமே அந்த வீட்டுல எந்த முகத்தோட இருக்க? கடவுள் என்னை அழைச்சது இதுக்கு இல்லையோன்னு தோணுது. நாங்க படிச்ச ஹால்ல திருக்குடும்பப் படம் ஒண்ணு தொங்குமே. சூசையப்பர் மரம் இழைப்பாரு, மாதா துணி தைப்பாங்க, பாலன் கையில தொடப்பம். மூணு பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறந்திருக்க மாட்டாங்க. அப்படி ஒரு வீடுதான் நான் கேட்டேன். இல்லேன்னா இந்த மடம் மாதிரியாவது. சத்தம் கிடையாது. மணி அடிச்சா செபம், மணி அடிச்சா சாப்பாடு. எல்லாரும் ஒரே மனசா இருப்பீங்க."

மதர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த மடம் மாதிரியா?"

"ஆமா மதர்."

மதர் எழுந்து உள்ளே போனார். ஒரு கூடை சின்ன வெங்காயத்தோடு வந்தார்.

"இதை உரி. மத்தியானம் எங்க மேசையில வந்து உக்காரு."

பெர்பெத்துவா அந்த மேசையில் ஒருநாளும் உட்கார்ந்தது இல்லை. பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தனி அறையில் சாப்பாடு, தனி அறையில் படுக்கை. சிஸ்டர்களை அவர்கள் கோவிலில்தான் பார்ப்பார்கள். வெள்ளை உடுப்பில், குனிந்த தலையோடு, வரிசையாக. இரண்டு வருடம் அவள் பார்த்த மடம் அதுதான்.

அன்று மத்தியானம் மேசையில் உட்கார்ந்ததும் சிஸ்டர் அல்போன்சா எழுந்து ஃபேனைப் போட்டார். அல்போன்சா மடத்துப் பாடகர் குழுவுக்குத் தலைவி. நெட்டையானவர். கொஞ்சம் வேர்த்தாலும் தாங்க மாட்டார்.

சிஸ்டர் ரெஜினா எழுந்து ஃபேனை நிறுத்தினார். ரெஜினா சமையலறைப் பொறுப்பு. முழங்காலில் வாதம். காற்று பட்டால் வலிக்கும்.

அல்போன்சா மறுபடி எழுந்தார். ஃபேன் சுற்றியது. ரெஜினா எழுந்தார். ஃபேன் நின்றது. மற்றவர்கள் சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சமைக்கிறவளுக்கு ஒரு மரியாதை கிடையாது" என்றார் ரெஜினா.

"சமைச்சதைச் சாப்பிடுறவளுக்குத்தான் பரலோகத்துல மரியாதை" என்றார் அல்போன்சா.

பெர்பெத்துவாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைக் கழுவும்போது மதரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மதர், அவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"இல்லையே. ஏன்?"

"ஃபேனுக்கு..."

"அதுவா? அது தொண்ணூத்தாறுல மாட்டின ஃபேன்."

"சண்டை எப்ப இருந்து?"

"ஃபேன் மாட்டின அன்னையிலருந்து."

பெர்பெத்துவா தட்டைக் கவிழ்த்து வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் கோவிலில் தியானம். முன்பெல்லாம் அவள் கடைசி வரிசையில் இருப்பாள். இன்று மதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். மதருடைய தலை மெல்லச் சாய்ந்தது. நிமிர்ந்தது. பிறகு நிமிரவே இல்லை. சன்னமாக ஒரு விசில் சத்தம் வந்தது.

பக்கத்தில் இருந்த சிஸ்டர் அல்போன்சா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி மதரின் முக்காட்டை ஒரு இழுப்பு இழுத்தார். மதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழகிய கை. பழகிய தலை.

வெளியே வந்ததும் மதரே பேசினார். "என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல மதர்."

"பொய் சொல்லாத. எத்தனை தடவை இழுத்தா?"

"ஒரு தடவை."

"இன்னைக்குப் பரவாயில்லையே" என்றார் மதர். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணியது. ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை.

"நேத்து ராத்திரி நிறுத்தாம விட்டது யாரு?" என்று கேட்டார் அல்போன்சா.

"என்னைப் பாத்து ஏன் கேக்கணும்?" என்றார் ரெஜினா.

"வேற யாரைப் பாத்துக் கேக்க? சமையலறைத் தொட்டிக்குத்தானே தண்ணி ஏத்தினது?"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இருவருக்கும் நடுவில் பெர்பெத்துவா மாட்டிக்கொண்டாள்.

"பெர்பெத்து, அந்த சிஸ்டர்கிட்ட சொல்லு. ரசம் வேணும்னா இப்பவே எடுத்துக்கணும்."

"சிஸ்டர், ரசம் வேணும்னா..."

"கேட்டுச்சு. வேணாம்னு சொல்லு."

"வேணாமாம் சிஸ்டர்."

"எனக்கும் கேட்டுச்சு."

ஒரு மேசைதான். இரண்டு முழத் தூரம். பெர்பெத்துவாவுக்கு முதல் தடவை பயமாக இருந்தது. இரண்டாம் தடவை எரிச்சலாக இருந்தது. மூன்றாம் தடவை சிரிப்பு வந்தது. சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு அவள் இன்னொன்றைப் பார்த்தாள். ரெஜினாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். ரெஜினா முற்றத்து நாற்காலியில் போய் அண்ணாந்து உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை. அல்போன்சா மருந்துப் புட்டியோடு வந்தார். அவரும் பேசவில்லை. பெர்பெத்துவாவைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணை நல்லாத் திறக்கச் சொல்லு."

"திறந்துதான் இருக்குன்னு சொல்லு" என்றார் ரெஜினா, வானத்தைப் பார்த்தபடி.

அல்போன்சா இடது கையால் இமையை விரித்தார். ஒரு சொட்டு. கன்னத்தில் வழிந்ததைத் தன் முக்காட்டு நுனியால் ஒற்றினார். ஐந்து நிமிடம் ரெஜினா கண்ணைத் திறக்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடமும் அல்போன்சா அசையாமல் அவருக்கு வெயில் படாதபடி மறைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

"எட்டு மணிக்கு மறுபடி வருவா" என்றார் ரெஜினா, கண்ணை மூடியபடியே. "பேச மாட்டா. ஆனா வருவா."

அன்று சாயங்காலம் மதரும் பெர்பெத்துவாவும் கிணற்றில் வாளி போட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். ஐம்பது வாளி. இறைத்து முடித்தபோது பெர்பெத்துவாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. மதர் தன் உள்ளங்கையைக் காட்டினார். அதுவும் சிவந்திருந்தது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மதர் கேட்டார். "ஊர்ல மோட்டார் பாக்கிறவன் கல்யாணத்துக்குப் போயிருக்கானாம். வர நாலு நாள் ஆகும். யாருக்காவது வேற ஆள் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பாரின் வேலை மடத்தில் யாருக்கும் தெரியாது என்பதைப் பெர்பெத்துவாவால் நம்ப முடியவில்லை. ஆனாலும் ஏழு பேரில் ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு ஒருத்தரைத் தெரியும்" என்றாள்.

"நல்லாப் பாப்பாரா?"

"வேலை நல்லாப் பாப்பாரு."

"அப்ப நீயே கூப்பிடு" என்று மதர் போனை நீட்டினார்.

அரை மணி நேரத்தில் கஸ்பாரின் பைக் சத்தம் கேட்டது. அதைவிட உரக்க அவன் குரல் கேட்டது. "சிஸ்டர்! சிஸ்டர்! மோட்டார் எங்க இருக்கு?"

பெர்பெத்துவா தூணுக்குப் பின்னால் நின்றாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான். ஸ்பேனர் பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவன் வாங்க, போங்க என்றுதான் பேசுவான். மடத்தில் இருந்தவள் என்ற மரியாதை. ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

"சாப்பிட்டேன்" என்றாள்.

"நான் கூட்டிட்டுப் போக வரல. மோட்டாருக்குத்தான் வந்தேன்" என்றான் அவன். காது சிவந்திருந்தது.

மோட்டாரைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். "மோட்டார் நல்லா இருக்கு மதர். கிணத்துக்குள்ள குழாயோட அடியில ஒரு வால்வு இருக்கும். அதுல மண்ணு அடைச்சிருக்கும். இறங்கணும்."

"நிறுத்தாம விட்டதால இல்லையே?" என்று கேட்டார் ரெஜினா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது சிஸ்டர்."

ரெஜினா மெல்லத் திரும்பி அல்போன்சாவைப் பார்த்தார். அல்போன்சா தென்னை மரத்தைப் பார்த்தார்.

கஸ்பார் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனையை ராட்டினத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி பெர்பெத்துவா பிடித்துக்கொண்டாள். அவன் தலை உள்ளே மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. மாதா பாட்டுத்தான். ஆனால் வள்ளம் தள்ளுகிற மெட்டில் பாடினான். கிணறு அதை நான்கு மடங்காக்கி வெளியே அனுப்பியது.

ஏழு சிஸ்டர்களும் கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி! ரெண்டாவது அடி தப்பு!" என்று அல்போன்சா கிணற்றுக்குள் கத்தினார்.

"எப்படி சிஸ்டர்?"

அல்போன்சா பாடிக் காட்டினார். கஸ்பார் உள்ளிருந்து திருப்பிப் பாடினான். மறுபடியும் தப்பு. அல்போன்சா மறுபடியும் பாடினார். ரெஜினாவும் சேர்ந்துகொண்டார், எப்போதும் போல அரை அடி முந்திக்கொண்டு. பெர்பெத்துவாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கயிறு கையில் தளர்ந்தது.

"ஏட்டி! கயித்தைப் பிடிட்டி!"

கிணறு முழுக்க எதிரொலித்தது. ஏட்டி, ஏட்டி, ஏட்டி.

பெர்பெத்துவா சட்டென்று இறுக்கிப் பிடித்தாள். எட்டு மாதத்தில் அவன் அவளை அப்படி உரிமையாகக் கூப்பிட்டதே இல்லை. உள்ளே பாட்டு நின்றுவிட்டது. அவனுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"பிடிச்சிருக்கேன்!" என்று அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் மேலே வந்தபோது தலையெல்லாம் சேறு. கையில் வால்வு. அதைத் துடைத்து, மண்ணைத் தட்டி, மறுபடி இறங்கி மாட்டிவிட்டு வந்தான். சுவிட்சைப் போட்டதும் குழாய் இருமியது. பிறகு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து முன்னால் நின்ற மதரை நனைத்தது. சிஸ்டர்கள் கை தட்டினார்கள். மதர் ஈர முக்காட்டோடு நின்று சிரித்தார்.

பெர்பெத்துவா துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். கஸ்பார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தலையைத் துவட்டினான். சிஸ்டர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

"தெரியாம வாயில வந்துட்டு" என்றான் அவன். "ஏட்டின்னு."

"பரவாயில்ல."

"திருநாளை மறந்தது தப்புதான். பக்கத்து வீட்டு அக்கா பெறகு சொன்னாங்க. எனக்குத் தேதி எதுவும் மண்டையில நிக்காது. எந்தங்கச்சி கல்யாணத் தேதியே ரெண்டு தடவை மாத்திச் சொல்லியிருக்கேன். முந்தின நாளே சொல்லியிருந்தா போயிருக்கலாம்லா?"

"சொல்லணும்னு தோணல. உங்களுக்காத் தெரியணும்னு நினைச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அவனுக்குத் தெரிய எந்த வழியும் இல்லை.

"தெரியாதுதான்" என்றாள்.

அவன் துண்டைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க அண்ணன் பேசி முடிக்கும்போது சொன்னாரு, 'மடத்துல இருந்த புள்ள. கோவம்னா என்னன்னு தெரியாது. சத்தமே வராது'ன்னு. எனக்கு அப்பவே பயம். வீட்டுக்கு வந்தா எல்லாம் வச்ச இடத்துல இருக்கு. நீங்க சத்தமில்லாம நடக்கீங்க. நான் கால் நீட்டி உக்காந்தா கோவில்ல கால் நீட்டின மாதிரி இருக்கு. அதான் ஆளுகளைக் கூட்டிட்டு வந்தேன். நாலு பேரு இருந்தா கொஞ்சம் மூச்சு விடலாம்லா."

பெர்பெத்துவா அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கா பயந்தீங்க?"

"பின்ன? அன்னைக்குச் சட்டி வந்து முத்தத்துல விழுந்துச்சு பாருங்க. முதல்ல ரெண்டு அடி பின்னால போயிட்டேன். பெறகு... அடிக்கக் கூடாது... சந்தோசமா இருந்துச்சு."

"சந்தோசமா? சட்டி உடைஞ்சதுக்கா?"

"இல்ல. வீட்டுல இன்னொரு ஆளு இருக்குன்னு."

அவள் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா நான் நடக்கிற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு விரல் நுனியில நடந்தேன்" என்றாள். "கெண்டைக்கால் ரெண்டும் வலிக்கு. நீங்க செபமாலையில தூங்கும்போது எனக்கு அவ்வளவு கோவம் வரும். ஆனா அந்த நேரத்துல நானும் அரிசி ஊறப் போட்டமான்னுதான் யோசிச்சிட்டு இருப்பேன்."

"போட்டிருப்பீங்களா?"

"பாதி நாள் போட்டிருக்க மாட்டேன்."

கஸ்பார் சிரித்தான். மடத்துச் சுவர் அதிர்கிற சிரிப்பு. அவள் வழக்கம்போல 'மெல்ல' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"செபமாலைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள்.

"விளக்கு வைக்கிறதுக்கு முந்தியே சொல்லிருவோம். வேலை முடிஞ்சு வந்து ஒரு கட்டஞ்சாயா குடிச்ச கையோட. அஞ்சு பத்தும் முழிச்சிருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது. நாலு நிச்சயம்."

"நாலு போதும்" என்றாள் பெர்பெத்துவா. "ஆனா ஆளைக் கூட்டிட்டு வந்தா போன் பண்ணணும். உலை வைக்கதுக்கு முந்தி. அது கண்டிப்பு."

"கண்டிப்பு" என்றான் அவன், பள்ளிப் பையன் போல.

மத்தியானம் கஸ்பாருக்கும் மேசையில் இடம் போட்டார்கள். ரெஜினா அவனுக்கு மூன்று தடவை சோறு வைத்தார். அவன் மூன்று தடவையும் மறுக்கவில்லை. வைக்க வைக்க ரெஜினாவின் முகம் மலர்ந்தது. முப்பது வருடமாக இந்த மேசையில் யாரும் மூன்றாம் தடவை வாங்கியதில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அல்போன்சா எழுந்து ஃபேனைப் போட்டார். பிறகு, ரெஜினாவின் நாற்காலியைச் சோற்றுத் தட்டோடு சேர்த்து, காற்றுப் படாத ஓரத்துக்கு இழுத்துவிட்டார்.

"மோட்டாரைப் பத்தி நான் பேசினது தப்பு" என்றார்.

"சரி, சாப்பிடு. ஆறுது" என்றார் ரெஜினா. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இந்த மூலையில வெளிச்சமே இல்ல" என்றார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். கஸ்பார் பையை வாங்கி பைக்கின் முன்னால் வைத்துக் கட்டினான். எஞ்சினை உதைத்தான். அது ஒரு தடவையில் கிளம்பவில்லை. எஞ்சினோடு பேச ஆரம்பித்தான்.

பெர்பெத்துவா மதரிடம் வந்து நின்றாள். மதர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"மதர், இந்த மாசத்துக் கேள்வியை இன்னும் கேக்கல."

"கேளு."

"ரெண்டு வருசம் உங்ககிட்ட இருந்தேன். ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்லா? நீங்க எல்லாரும் இப்படித்தான் இருப்பீங்கன்னு."

மதர் உடனே பதில் சொல்லவில்லை. கையில் கொடுக்க வேலையும் எதுவும் இல்லை. வாசலில் நின்று பைக்கைப் பார்த்தார்.

"எனக்கும் யாரும் சொல்லல" என்றார். "கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு கொடுத்துட்டு இந்த மடத்துக்கு வந்தப்ப எனக்கு இருபத்தாறு வயசு. சம்மனசுகளோட, வானதூதர்களோட உக்காந்து சாப்பிடப் போறேன்னு நினைச்சு வந்தேன். மேசையில வந்து உக்காந்தா, எதிர்ல ரெஜினா. புளி கூடிப்போச்சுன்னு சமையல்கார அம்மாகூட சண்டை போட்டுட்டு இருந்தா. சம்மனசுக வேற மடத்துல இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். மாத்தல் கேட்டு மேல எழுதினேன். மூணு வருசம் விடாம எழுதினேன்."

"கிடைச்சுதா மதர்?"

"கிடைச்சுது. சந்தோசமாப் பெட்டியைக் கட்டிட்டுப் போனேன். அங்க அல்போன்சா இருந்தா."

பெர்பெத்துவா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள். "பெறகு என்ன பண்ணினீங்க?"

"பசிச்சுது" என்றார் மதர். "அவ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்."